ஒரே முழுநிலவு, இரண்டு திருவிழா

எல்லாருக்கும் வணக்கம். பயணம் பற்றிப் பேசச் சொன்னார்கள். மலேசியாவின் பினாங்குத் தீவு பற்றிப் பேசப் போகிறேன்.

இங்கே இருப்பவர்களில் பலர் அங்கே போயிருப்பீர்கள். போய் என்ன செய்தீர்கள் என்று கேட்டால், சைக்கிளில் இரண்டு குழந்தைகள் போகிற அந்தச் சுவர் ஓவியத்தின் முன்னால் படம் எடுத்தோம், கொடிமலைக்கு ரயில் ஏறினோம், வந்துவிட்டோம் என்பீர்கள். அதில் தப்பில்லை. ஆனால் அந்த ஊருக்குப் பள்ளி விடுமுறையைப் பார்த்து டிக்கெட் போடக் கூடாது, பஞ்சாங்கத்தைப் பார்த்துப் போட வேண்டும் என்பது என் கட்சி.

காரணம் இருக்கிறது. தைப்பூசம் பௌர்ணமியை ஒட்டி வருவது. சீனப் புத்தாண்டு அமாவாசையில் தொடங்கி, பதினைந்தாம் நாளான 'சாப் கோ மே'யில் முடிவது, அதுவும் பௌர்ணமிதான். சில ஆண்டுகளில் இரண்டும் ஒரே நிலவில் வந்து விழும். 2025இல் தைப்பூசம் பிப்ரவரி 11, சாப் கோ மே மறுநாள் 12. 2026இல் அப்படி இல்லை: தைப்பூசம் பிப்ரவரி 1, சீனப் புத்தாண்டு பிப்ரவரி 17. சேர்ந்து வருகிற ஆண்டாகப் பார்த்துப் போனால் ஒரு வாரத்துக்குள் ஊர் முழுவதையும் பார்த்துவிடலாம்.

ஊர் எப்படி இப்படி ஆனது? 1786இல் பிரான்சிஸ் லைட் இங்கே வந்து ஆங்கிலக் கம்பெனிக் கொடியை ஏற்றினார். காட்டை வெட்ட ஆள் வரவேண்டும் என்பதற்காகப் பீரங்கியில் வெள்ளிக் காசுகளைப் போட்டுக் காட்டுக்குள் சுட்டார் என்று ஒரு கதை உண்டு. நிஜமோ இல்லையோ, ஊர்க்காரர்கள் ரசித்துச் சொல்வார்கள். காசைவிடப் பெரிய ஈர்ப்பு, துறைமுகத்தில் சுங்க வரி இல்லை என்பதுதான். ஹொக்கியன் சீனர்கள், அச்சேக்காரர்கள், அர்மீனியர்கள், சோழமண்டலக் கரையிலிருந்து மரைக்காயர்கள், அப்புறம் செட்டியார்கள் என்று எல்லாரும் வந்தார்கள். பின்னால் ரஜூலா கப்பல் நாகப்பட்டினத்தில் ஏற்றிய நம் ஆட்கள் இறங்கிய முதல் துறைகளில் ஒன்றும் இதுதான். கப்பித்தான் கிளிங் மசூதித் தெருவில் நடந்து பாருங்கள். காதர் முகைதீன் கட்டிய மசூதி, சீனர்களின் கருணைத் தெய்வமான குவான் யின் கோயில், 1818இல் கட்டிய ஜார்ஜ் தேவாலயம், பக்கத்துத் தெருவில் மாரியம்மன் கோயில். எல்லாம் சில நிமிட நடை.

இப்போது தைப்பூசத் தேருக்கு வருகிறேன். பூசத்துக்கு முந்தின நாளை அங்கே செட்டிப் பூசம் என்பார்கள். அன்று விடியற்காலையில் பினாங்குத் தெருவில் உள்ள செட்டியார்களின் கோவில் வீட்டிலிருந்து வெள்ளித்தேர் கிளம்பும். 1894இல் செட்டியார்கள் தமிழ்நாட்டில் செய்து கப்பலேற்றிக் கொண்டுவந்த தேர் அது, காளைகள் இழுக்கும். தண்ணீர்மலையில் இருக்கிற நகரத்தார் கோயிலுக்குப் போய்ச் சேரவேண்டும். தூரம் ஒன்றும் பெரிதல்ல, ஆனால் பகல் முழுக்க ஆகிவிடும். இரண்டு எட்டுக்கு ஒருமுறை அர்ச்சனைத் தட்டோடு யாராவது நிற்பார்கள், தேரும் நிற்கும்.

வழியெல்லாம் தேங்காய் மலை. அதில் பல குவியல்கள் சீனக் குடும்பங்களும் சீனக் கடைக்காரர்களும் அடுக்கியவை. குவியலின் மேல் ஊதுபத்தி புகைந்துகொண்டிருக்கும். தேர் நெருங்கியதும் தாத்தா, பேரன் என்று எல்லாரும் சேர்ந்து உடைப்பார்கள். தெருவில் இளநீர் ஆறாக ஓடும். பின்னாலேயே இயந்திர வண்டி வந்து சிதறலை அள்ளிக்கொண்டு போகும். வேடிக்கை பார்க்கப் போகிறவர்கள் கெட்டியான செருப்பு போட்டுக்கொள்ளுங்கள், ஓடு குத்தும். 2017 முதல், தண்ணீர்மலையின் மேலே இருக்கிற முருகன் கோயிலின் தங்கத்தேர் ஒன்றும் சேர்ந்திருக்கிறது. அதில் வேல் மட்டும் வரும். ஒரு ஊருக்கு இரண்டு தேரா என்று அப்போது சண்டையே நடந்தது. என்னைக் கேட்டால் எனக்கு வெள்ளித்தேர்தான். அது கடைவீதிக்குள் புகுந்து வருகிற தேர்.

அதே நிலவின் வளர்பிறையில், சீனப் புத்தாண்டின் எட்டாம் நாள் இரவு, கடலோரத்தில் உள்ள சியூ துறைக்குப் போகவேண்டும். கடலுக்குள் கால் ஊன்றிய மரவீடுகள். சியூ என்ற ஒரே குலத்தார் குடியிருந்த துறை. நிலத்தில் இல்லாததால் நிலவரியும் இல்லை என்று பெருமையாகச் சொல்வார்கள். ஹொக்கியன்களுக்கு அன்றுதான் பெரிய புத்தாண்டு. அவர்களுடைய முன்னோர்கள் எதிரிகளுக்குப் பயந்து கரும்புக் காட்டில் ஒளிந்து பிழைத்தார்களாம். ஒன்பதாம் நாள் வெளியே வந்தார்களாம். அது வானுலகப் பேரரசரின் பிறந்தநாள். அதனால் நீளமான மேசைகளைப் போட்டு, வறுத்த பன்றி, ஆமை வடிவச் சிவப்புப் பணியாரம், பழங்கள் எல்லாம் பரப்பி, இரண்டு பக்கமும் முழுக் கரும்பு கட்டியிருப்பார்கள். பொங்கல் வாசலைப் பார்ப்பது போலவே இருக்கும். நள்ளிரவில் தங்கத்தாளைக் குவித்துக் கொளுத்துவார்கள். கரும்பும் அந்தத் தீயில் போகும்.

சாப் கோ மே இரவில் எஸ்பிளனேடு கடற்கரையில் பெண்கள் ஆரஞ்சுப் பழங்களைக் கடலில் எறிவார்கள். நல்ல கணவன் கிடைக்க வேண்டுதல். ஒரு காலத்தில் வசதியான வீட்டுப் பெண்களை வெளியே விட்டதே அந்த ஒரு இரவில்தானாம். வேண்டுதலைவிட அந்த வெளிக்காற்றுக்காகவே நிறையப் பேர் வந்திருப்பார்கள் என்று எனக்குத் தோன்றுகிறது.

மற்றதெல்லாம் சொல்ல நேரமில்லை. சென்னைப் படைப்பிரிவின் முஸ்லிம் சிப்பாய்களோடு வந்து மலாய் மேடைக் கூத்தாகிவிட்ட பொரியா, சீன ஏழாம் மாதத்தில் முன்வரிசையை ஆவிகளுக்குக் காலியாக விட்டு நடத்தும் சீன நாடகம், எதிர்க்கரையில் ஜூலை 26ஐ ஒட்டி வரும் புனித அன்னம்மாள் திருவிழா என்று பட்டியல் நீளும்.

சாப்பாடு? நாசி கண்டார். தமிழ் முஸ்லிம்கள் தோளில் கம்பு போட்டு, இரண்டு பக்கமும் சோறும் குழம்பும் தொங்கவிட்டுத் துறைமுகக் கூலிகளுக்கு விற்றது. இன்றைக்குக் கடைகளில் வரிசை நிற்கிறது. குழம்புகளை ஒன்றின்மேல் ஒன்றாக ஊற்றச் சொல்லுங்கள், தனித்தனியாகக் கேட்டால் கடைக்காரர் ஒரு மாதிரியாகப் பார்ப்பார்.

சைவத்துக்கு என்ன வழி என்று முன்வரிசையில் கேட்கிறார்கள். லிட்டில் இந்தியாவில் நம் கடைகள் இருக்கின்றன. அது போதாது என்றால் சீன ஒன்பதாம் மாதத்தின் முதல் ஒன்பது நாளில் போங்கள். ஒன்பது பேரரசர் விழாவுக்காகச் சீனர்கள் வெள்ளை உடுத்து மரக்கறி விரதம் இருப்பார்கள், மஞ்சள் கொடி கட்டிய சைவக் கடைகள் தெருவுக்குத் தெரு முளைக்கும். 2024இல் அந்த ஒன்பது நாளும் நம் நவராத்திரியும் ஒரே அக்டோபர் 3ஆம் தேதி தொடங்கின. அறையை மட்டும் முன்கூட்டியே பிடித்துவிடுங்கள்.