விருந்தினராக வந்த படை

நேயர்களுக்கு வணக்கம்.

1940 மே 10 அன்று அதிகாலையில் ஐஸ்லாந்தின் தலைநகரான ரெய்க்யவிக்கை எழுப்பியது ஒரு விமானத்தின் இரைச்சல். கடலில் நீர்மூழ்கிகள் உண்டா என்று பார்த்துவர பிரிட்டிஷ் போர்க்கப்பல் ஒன்றிலிருந்து கிளம்பிய அவ்விமானம், நகரத்தின் பக்கம் போகக்கூடாது என்ற உத்தரவை மறந்து, வீடுகளுக்கு மேலேயே வட்டமடித்துவிட்டது. இரகசியமாக வந்திறங்கவேண்டிய படை துறைமுகத்தை அடைந்தபோது, வேடிக்கை பார்க்க அங்கே ஒரு கூட்டமே கூடியிருந்தது. வீரர்கள் இறங்குவதற்கு வசதியாகக் கூட்டத்தைச் சற்று விலக்கித் தர முடியுமா என்று பிரிட்டிஷ் தூதர் அங்கிருந்த காவல் அதிகாரியிடம் கேட்டார். அவரும் மறுக்காமல் செய்துகொடுத்தார். கூட்டத்தில் நின்ற ஒருவர் ஒரு வீரனின் துப்பாக்கியைப் பறித்து, அதன் குழலுக்குள் ஒரு சிகரெட்டைச் செருகி, அவனிடமே திருப்பி எறிந்து, கவனமாக வைத்துக்கொள்ளும்படி புத்தியும் சொன்னாராம். ஒரு நாடு ஆக்கிரமிக்கப்பட்ட கதை இப்படித் தொடங்குவது வரலாற்றில் அபூர்வம்.

அன்று வந்திறங்கிய கடற்படை வீரர்கள் 746 பேர். எதிர்த்து நிற்க ஐஸ்லாந்துக்குப் படையே இல்லை. ஏறத்தாழ 1,20,000 மக்களைக் கொண்ட அந்நாடு 1918-இல் டென்மார்க்குடன் செய்துகொண்ட ஒப்பந்தத்தின்படி தன்னுரிமை பெற்ற தனி அரசாயிற்று. மன்னர் மட்டும் இரு நாடுகளுக்கும் ஒருவர். வெளியுறவை டென்மார்க் கவனித்துக்கொண்டது. எந்தப் போரிலும் எந்தப் பக்கமும் சேர்வதில்லை என்பதையும் ஐஸ்லாந்து அப்போதே உலகுக்கு அறிவித்திருந்தது. 1940 ஏப்ரல் 9-இல் ஜெர்மனி டென்மார்க்கைப் பிடித்துக்கொண்டதும், மறுநாளே ஐஸ்லாந்தின் நாடாளுமன்றமான அல்திங்கி கூடி, மன்னரின் அதிகாரங்களையும் வெளியுறவுப் பொறுப்பையும் தன் நாட்டு அரசின் கையில் ஒப்படைத்தது. பிரிட்டன் பாதுகாப்புத் தர முன்வந்தது. நடுநிலையைக் காரணம் காட்டி ஐஸ்லாந்து மறுத்தது. நார்வேயையும் தாக்கத் தொடங்கிவிட்ட ஜெர்மனி அடுத்து இந்தத் தீவில் காலூன்றினால் அட்லாண்டிக் கப்பல் வழி என்னவாகும் என்ற கவலையில் பிரிட்டன் அம்மறுப்பைப் பொருட்படுத்தவில்லை.

அன்று ஹெர்மன் யோனசன் தலைமையிலான அரசு செய்த இரண்டு காரியங்களைத்தான் நான் இவ்வுரையின் மையமாகக் கொள்ள விரும்புகிறேன். நாட்டின் நடுநிலை மீறப்பட்டது, அதன் சுதந்திரத்தில் கைவைக்கப்பட்டது என்று பிரிட்டனுக்கு எழுத்து மூலம் கடுமையான கண்டனம் தெரிவித்தது ஒன்று. வந்திருக்கும் வீரர்களை விருந்தினராக நடத்துங்கள் என்று பிரதமர் வானொலி வழியே மக்களைக் கேட்டுக்கொண்டது மற்றொன்று. விருந்து என்ற சொல்லுக்குப் பழந்தமிழில் புதுமை என்றும் பொருள் உண்டு. அழைத்து வந்தவரா, அழையாமல் வந்தவரா என்று அச்சொல் கேட்பதில்லை. யோனசன் கேட்டுக்கொண்டது ஏறக்குறைய அந்தப் பொருளில்தான். அரசின் செயலைக் கண்டிப்பது வேறு, குளிரில் நடுங்கிக்கொண்டு துறைமுகத்தில் நிற்கும் இளைஞனை வெறுப்பது வேறு என்ற அந்தப் பகுப்பைக் கோழைத்தனம் என்று சொல்வாரும் உண்டு. ஆயுதமில்லாத ஒரு நாட்டின் கையில் அன்று மிஞ்சியிருந்த ஒரே ஆயுதம் அதுதான் என்றே நான் கருதுகிறேன். ஆனால் அந்தப் பகுப்பைக் காப்பாற்றுவது எவ்வளவு கடினம் என்பதை அடுத்து வந்த மாதங்கள் காட்டின.

விரைவிலேயே படையினரின் எண்ணிக்கை ஆயிரக்கணக்கில் பெருகியது. கனடா நாட்டுப் படைகளும் வந்தன. நகரைச் சுற்றி நெளிதகரத்தால் ஆன அரைவட்டக் கொட்டகைகள் வரிசை வரிசையாக எழுந்தன. நகரத்தை ஒட்டிய ஈரநிலத்தில் விமானதளம் உருவாகத் தொடங்கியது. 1930-களில் ஸ்பெயின் உள்நாட்டுப் போரால் உப்பிட்ட மீனுக்கான சந்தையை இழந்து, வேலையில்லாமல் தவித்த ஒரு நாட்டில், பாதை போடவும் கொட்டகை கட்டவும் ஆள் போதவில்லை என்ற நிலை வந்தது. இதற்கு மக்கள் இட்ட பெயர் 'பிரிட்டிஷ்காரர் வேலை'. மீனுக்குப் பிரிட்டனில் நல்ல விலை கிடைத்தது. கூடவே விலைவாசியும் ஏறியது. பிற்காலத்தில் ஐஸ்லாந்தியர் அக்காலத்தை 'புண்ணியப் போர்' என்று பாதி கேலியாகவும் பாதி உண்மையாகவும் குறிப்பிட்டதில் வியப்பில்லை.

அந்தப் புண்ணியத்துக்கு விலை கொடுத்தவர்கள் கடலில் இருந்தார்கள். 1941 மார்ச்சில் ரெய்க்யபோர்க் என்ற இழுவலைக் கப்பல் பிரிட்டனுக்குச் செல்லும் வழியில் ஜெர்மன் நீர்மூழ்கியால் மூழ்கடிக்கப்பட்டது. அதிலிருந்த 15 பேரில் 13 பேர் இறந்தனர். பெரிய நாடுகளின் கணக்கில் 13 என்பது எண்ணிக்கையே அல்ல; ஒருவரையொருவர் பெயர் சொல்லி அறிந்திருக்கும் சிறு சமூகத்தில் அது ஊர் முழுவதுக்குமான இழவு. அதற்குச் சில மாதங்கள் முன்பு, 1940 அக்டோபரில், அதே கடல் ஒரு மகிழ்ச்சியையும் கொண்டுவந்திருந்தது. போரால் ஐரோப்பாவில் சிக்கிக்கொண்ட ஐஸ்லாந்தியர் 258 பேரை, பின்லாந்தின் வட கோடியிலிருந்த பெத்சமோ துறைமுகத்திலிருந்து ஏற்றிக்கொண்டு எஸ்யா என்ற கப்பல் பத்திரமாக ரெய்க்யவிக் வந்து சேர்ந்தது.

விருந்தினர் வீட்டுக்காரரைக் கட்டுப்படுத்தத் தொடங்கியதும் இதே காலத்தில்தான். 1941 ஜனவரியில் ரெய்க்யவிக் தொழிலாளர் வேலைநிறுத்தம் செய்தபோது, அவர்களுடைய இடத்தில் வேலை செய்யாதீர்கள் என்று பிரிட்டிஷ் வீரர்களைக் கேட்டுக்கொள்ளும் துண்டறிக்கை ஒன்று பரவியது. அதற்காகச் சிலர் தண்டிக்கப்பட்டனர். ஏப்ரலில் இடதுசாரி நாளிதழ் ஒன்றைப் படை நிர்வாகம் தடைசெய்து, அதன் ஆசிரியர்களைப் பிரிட்டனுக்கு நாடுகடத்தியது. அவர்களுள் ஒருவர் அல்திங்கியின் உறுப்பினர். உள்நாட்டு விவகாரங்களில் தலையிடுவதில்லை என்ற உறுதிமொழியின் கதி அதுவாயிற்று. படைவீரரோடு பழகிய பெண்களைப் பற்றிய பேச்சோ இன்னும் கசப்பானது. 'நிலைமை' என்ற ஒற்றைச் சொல்லால் அதைச் சுட்டினார்கள்; நாட்டின் மானம் முழுவதையும் இளம்பெண்களின் தலையில் ஏற்றிவைத்த அச்சொல்லில், வேலை கொடுத்த படையிடம் கூலி வாங்கிய ஆண்களைப் பற்றி ஒரு குறிப்பும் இல்லை.

1941 ஜூன் 17-இல் மன்னரின் இடத்தில் ஆட்சித் தலைவராக ஸ்வெய்ன் பியோர்ன்சனை அல்திங்கி தேர்ந்தெடுத்தது. அதே கோடையில் பிரிட்டனுக்குத் தன் படைகள் வேறிடங்களில் தேவைப்பட்டதால், அவ்விடத்தில் அமெரிக்கப் படையை வரவழைக்கும் ஏற்பாடு நடந்தது. அமெரிக்கா அப்போது போரிலேயே இறங்கியிருக்கவில்லை. இம்முறை யாரும் சொல்லாமல் வந்திறங்கவில்லை. ஐஸ்லாந்து நிபந்தனைகளை எழுதிக் கொடுத்தது. போர் முடிந்ததும் படை முழுவதும் வெளியேற வேண்டும், நாட்டின் இறையாண்மையை அமெரிக்கா ஏற்க வேண்டும், உள்நாட்டு விவகாரங்களில் தலையிடக்கூடாது என்பன அவற்றுள் சில. அமெரிக்க அதிபர் ரூஸ்வெல்ட் அவற்றை ஏற்றார். இந்த ஒப்பந்தத்தை விவாதித்து ஒப்புதல் அளிக்க அல்திங்கி கூடியபோது, அமெரிக்கக் கப்பல்கள் ஏற்கெனவே ரெய்க்யவிக் துறைமுகத்துக்கு வந்து சேர்ந்திருந்தன.