பெட்டி வரைபவருக்கு எந்த ஃபைலை அனுப்புவது?

வணக்கம். போன வீடியோவைப் பார்த்துவிட்டு ஒரு நேயர் கேட்டிருக்கிறார்: "சார், நான் கீகேட்டில் போர்டு வரைகிறேன். பெட்டி வரைபவர் சாலிட்வொர்க்ஸில் வேலை செய்கிறார். அவருக்கு ஐடிஎஃப் அனுப்பவா, ஸ்டெப் அனுப்பவா? ஸ்டெப் அனுப்பினால் சில பாகங்களைக் காணோம் என்கிறார்."

புதியவர்களுக்கு: கீகேட் சர்க்யூட் போர்டு வரையும் மென்பொருள், சாலிட்வொர்க்ஸ் பெட்டி போன்றவற்றை முப்பரிமாணத்தில் வரையும் மென்பொருள். ஐடிஎஃப், ஸ்டெப் இரண்டும் போர்டின் வடிவத்தை ஒன்றிலிருந்து இன்னொன்றுக்குக் கொண்டுபோகும் ஃபைல் வகைகள். காணாமல் போகிற விஷயத்தை முதலில் முடித்துவிடலாம். கீகேட்டின் முப்பரிமாணத் திரையில் விஆர்எம்எல் (திரையில் காட்டுவதற்கான முப்பரிமாண ஃபைல் வகை) மாடலும் தெரியும். ஸ்டெப் ஏற்றுமதிக்கு ஸ்டெப் மாடலே வேண்டும். இரண்டுக்கும் ஒரே பெயர் இருந்தால் தானாக மாற்றிக்கொள்ளும் வசதி உண்டு, அதை டிக் செய்யுங்கள். அதன் பிறகும் விடுபட்டால் அந்தப் பாகத்துக்கு மாடலைத் தேடிச் சேர்க்க வேண்டியதுதான்.

சரி, ஐடிஎஃப்பா ஸ்டெப்பா? ஐடிஎஃப் பழைய ஆள். மூன்றாம் பதிப்பு வந்தது 1996-இல். இரண்டு ஃபைல்கள் இருக்கும். ஒன்றில் போர்டின் வெளிக்கோடு, துளைகள், எந்தப் பாகம் எங்கே எந்தக் கோணத்தில் என்ற விவரம். இன்னொன்றில் ஒவ்வொரு பாகத்தின் வெளிக்கோடும் உயரமும். நோட்பேடில் திறந்தே படிக்கலாம். முறுக்கு அச்சில் மாவு வருவது போலத்தான் அதில் பாகம் உருவாகும்: தட்டில் என்ன ஓட்டையோ, அதே வடிவம் அடி முதல் நுனி வரை. கீழே ஒடுங்கி மேலே அகன்ற ஒரு கனெக்டர், ஐடிஎஃப்பில் அடியிலிருந்தே அகலமாக நிற்கும். பெட்டி வரைபவர் "இடிக்கிறது" என்பார். உண்மையில் இடிக்காது.

அதனால் வடிவம் பார்க்க ஸ்டெப்தான். ஆனால் அந்தப் பழைய ஐடிஎஃப்பில் ஒரு நல்ல விஷயம் இருக்கிறது, நம் சேனலைத் தொடர்ந்து பார்ப்பவர்களுக்கு நான் எதைச் சொல்லப் போகிறேன் என்று தெரியும். ஆமாம், அதேதான்: இது யாருடைய முடிவு? வெளிக்கோட்டுக்குப் பக்கத்திலேயே எம்கேட் (பெட்டித் தரப்பு), ஈகேட் (போர்டுத் தரப்பு) என்று உரிமையாளரைக் குறிக்க அதில் இடம் உண்டு. பாகம் வைத்த இடத்துக்கும் அப்படியே. நாம் ஏற்றுமதி செய்யும் ஸ்டெப்பில் அது வராது. அது வெறும் வடிவம்.

ஒரு நிறுவனத்தில் நடந்ததைச் சொல்கிறேன். யுஎஸ்பி சாக்கெட் சுவருக்கு எட்டவில்லை என்று பெட்டி வரைபவர் அதைக் கொஞ்சம் வெளியே தள்ளினார். "லேட்டஸ்ட்" என்று பெயர் போட்டு முழு ஸ்டெப்பையும் அனுப்பினார். என்ன மாறியது என்று ஒரு வரி எழுதவில்லை. போர்டு வரைபவர் திறந்து பார்த்தார், எல்லாம் பழையபடியே தெரிந்தது, மூடிவிட்டார். அதே வாரம் அவர் ஒரு டிராக்குக்காக (செம்புத் தடம்) திருகுத் துளையை நகர்த்தியிருந்தார், அதைப் பெட்டி வரைபவருக்குச் சொல்லவில்லை. போர்டு வந்து சேர்ந்த அன்று அங்கே ஒரே சத்தம்.

இதற்காகத்தான் ஐடிஎக்ஸ் வந்தது. ஜெர்மனியின் ப்ரோஸ்டெப் ஐவிப் அமைப்பு வகுத்த எக்ஸ்எம்எல் வடிவம். முதலில் ஒருமுறை முழு போர்டும் போகும். அப்புறம் மாறியது மட்டும் ஒரு யோசனையாகப் போகும். எதிர்த்தரப்பு ஏற்கலாம், மறுக்கலாம், அந்தப் பதிலும் ஃபைலாகவே திரும்பி வரும்.

ஐடிஎக்ஸ் கையில் இல்லையென்றால்? எந்த ஃபைல் என்பதைவிட, யார் எதை நகர்த்தலாம் என்று நீங்கள் கேட்டிருந்தால் எனக்கு இன்னும் சந்தோஷம். வெளிக்கோடு, திருகுத் துளை, பெட்டிக்கு வெளியே தெரியும் கனெக்டர், எல்இடி இவை பெட்டி வரைபவருடையவை. கீகேட்டில் லாக் போட்டுவிடுங்கள். மிச்சமெல்லாம் உங்கள் ராஜ்யம்.

வெளிக்கோட்டை அவரிடமிருந்து டிஎக்ஸ்எஃப்பாக (கோட்டு வரைபட ஃபைல்) வாங்கி, கீகேட்டில் போர்டின் ஓரத்தைக் குறிக்கும் எட்ஜ் கட்ஸ் லேயரில் ஏற்றுங்கள். ஏற்றும்போது அலகு மில்லிமீட்டரா இன்ச்சா என்று பாருங்கள், தவறினால் போர்டு 25.4 மடங்கு மாறிவிடும். ஏதாவது ஒரு திருகுத் துளையின் மையத்தை இருவரும் பூஜ்யமாக வைத்துக்கொள்ளுங்கள். கீகேட்டில் ட்ரில் ஆரிஜின் என்ற பூஜ்யப் புள்ளியை அங்கே வைத்து, ஸ்டெப் எடுக்கும்போது அதையே தேர்ந்தெடுத்தால், அடுத்த முறை அனுப்பும் போர்டும் அவர் பெட்டிக்குள் பழைய இடத்திலேயே போய் உட்காரும்.