வலி இல்லை, விளையாடலாமா? கணுக்கால் குருத்தெலும்பு ஆபரேஷனுக்குப் பிறகு

[காட்சி: மைதானத்தின் ஓரம். ஒருவர் பூட்ஸ் கயிற்றைக் கட்டிவிட்டு, எழுந்திருக்காமல் உட்கார்ந்திருக்கிறார்.]

வணக்கம். கணுக்காலில் குருத்தெலும்பு ஆபரேஷன் முடிந்து சில மாதம் ஆனவர்கள் கேட்கும் கேள்வி பெரும்பாலும் ஒன்றுதான். "வலியே இல்லை, விளையாடப் போகலாமா?"

குருத்தெலும்பில் வலியை உணரும் நரம்பு கிடையாது. வலிப்பது அதற்கு அடியில் இருக்கும் எலும்பும் மூட்டைச் சுற்றியிருக்கும் சவ்வும்தான். அதனால் வலி இல்லை என்பதை மட்டும் நம்பி மைதானத்தில் இறங்காதீர்கள்.

[படம்: கணுக்காலின் உள்ளே]

கால் எலும்புக்கும் குதிகால் எலும்புக்கும் நடுவில் தாலஸ் என்று ஓர் எலும்பு இருக்கிறது. உடம்பின் எடை இதன் வழியாகத்தான் பாதத்துக்கு இறங்குகிறது. இதன் பரப்பில் பாதிக்கு மேல் குருத்தெலும்பு போர்த்தியிருக்கும். கால் மடங்கி பலமாகச் சுளுக்கும்போது அந்தப் போர்வையில் ஒரு துண்டு, சில நேரம் அடி எலும்போடு சேர்ந்தே, பெயர்ந்துவிடும். குருத்தெலும்பில் ரத்தக் குழாய் இல்லை. தோல் காயம்போலத் தானாக மூடாது.

பாதிப்பு சிறியது, சுமார் ஒன்றரை சென்டிமீட்டருக்குள் என்றால் பெரும்பாலும் மைக்ரோஃப்ராக்சர் செய்வார்கள். கெட்டுப்போனதைச் சுரண்டி எடுத்துவிட்டு, அடி எலும்பில் நுண்ணிய துளைகள் போடுவார்கள். மஜ்ஜையிலிருந்து கசியும் ரத்தம் அங்கேயே உறைந்து, மாதக்கணக்கில் புதுத் திசுவாக மாறும். இது நார்க் குருத்தெலும்பு. பழைய வழவழப்பான குருத்தெலும்பின் உறுதி இதற்கு வராது. அதனால்தான் இவ்வளவு பொறுமை கேட்கிறோம். பெரிய பாதிப்பு என்றால், முழங்காலிலிருந்து எலும்போடு குருத்தெலும்பை எடுத்து இங்கே பதிப்பதும் உண்டு.

முதல் சில வாரம் ஊன்றுகோல். எத்தனை வாரம் என்பதை ஆபரேஷன் செய்த டாக்டர் சொல்வார். பாதத்தை மேலும் கீழும் அசைக்கச் சொன்னால் சலிக்காமல் செய்யுங்கள். குருத்தெலும்புக்குச் சாப்பாடு மூட்டுக்குள் இருக்கும் திரவம்தான். அசைந்தால்தான் அது ஊறும். அப்புறம் நடை, சைக்கிள். நீச்சல் குளம் கிடைத்தால் விடாதீர்கள்: மார்பளவு தண்ணீரில் நடந்தால் கால் தாங்குவது உடல் எடையில் சுமார் மூன்றில் ஒரு பங்குதான்.

மெதுவான ஓட்டம் பொதுவாக 3, 4 மாதத்தில். ஆட்டம், மைக்ரோஃப்ராக்சர் என்றால் 4 முதல் 6 மாதம்; முழங்காலிலிருந்து எடுத்துப் பதித்திருந்தால் 6 முதல் 12. ஆனால் தேதி வந்துவிட்டது என்பதற்காகக் கால் தயாராகிவிடாது.

[காட்சி: சுவர், தரையில் ஸ்கேல்]

சரி, வீட்டிலேயே பாருங்கள். சுவரைப் பார்த்து நின்று, குதிகாலைத் தூக்காமல் முழங்காலால் சுவரைத் தொடுங்கள். தொட முடிகிற வரை பாதத்தைப் பின்னால் நகர்த்திக்கொண்டே போங்கள். கட்டைவிரலுக்கும் சுவருக்கும் எவ்வளவு இடைவெளி? நல்ல காலில் 10 சென்டிமீட்டர், இந்தக் காலில் 6 என்றால் மூட்டு இன்னும் இறுக்கமாகத்தான் இருக்கிறது. அந்த இறுக்கத்தோடு குதித்து இறங்கக் கூடாது.

அடுத்து, ஒற்றைக் காலில் நின்று குதிகாலைத் தூக்குங்கள். எண்ணிக்கையை மட்டும் பார்க்காதீர்கள். பத்தாவது தடவை குதிகால் பாதி உயரத்திலேயே நிற்கிறதா, பாதம் வெளிப்பக்கம் சாய்கிறதா என்று யாரையாவது பின்னால் நின்று பார்க்கச் சொல்லுங்கள். ஒற்றைக் கால் தாவலை பிசியோதெரபிஸ்ட் பக்கத்தில் இருக்கும்போது மட்டும் செய்யுங்கள். நல்ல காலின் தூரத்தில் 90 சதவீதமாவது வர வேண்டும்.

இதெல்லாம் தேறினால் முதலில் நேர்கோட்டு ஓட்டம், பிறகு வளைவு, பிறகு சட்டென்று நின்று திரும்புவது, பந்தோடு தனிப் பயிற்சி, கடைசியில்தான் அணியோடு. கபடியோ ஃபுட்பாலோ, திரும்பும்போதுதான் தாலஸின் ஓரத்தில் அழுத்தம் ஏறுகிறது. இந்தப் படியைத் தாண்டிக் குதிக்கவே வேண்டாம்.

[காட்சி: காலை வெளிச்சம், கட்டில் ஓரம்]

ஒவ்வொரு படிக்கும் மறுநாள் காலை, செருப்புப் போடும் முன், கணுக்காலின் வெளிப்பக்கம் துருத்தி நிற்கும் எலும்புக்குச் சற்று முன்னால் கட்டைவிரலை வையுங்கள். அங்கே ஒரு சின்னக் குழி இருக்கும். நல்ல காலிலும் தொட்டுப் பாருங்கள். குழி நிரம்பி மெத்தென்று இருந்தால் உள்ளே நீர் கோத்திருக்கிறது. அன்றைக்கு ஓட்டம் இல்லை. வீக்கம் வடிந்த பிறகு, முந்தைய படியிலிருந்து மறுபடி தொடங்குங்கள். இரண்டு மூன்று நாளாகியும் வடியவில்லை, அல்லது மூட்டு நடுவில் மாட்டிக்கொள்வது போல இருக்கிறது என்றால் டாக்டரைப் பாருங்கள்.