தூரம் ஒன்று, நேரம் இரண்டு

நேயர்களுக்கு வணக்கம். மீனம்பாக்கத்தில் பிள்ளைகளை லண்டனுக்கு வழியனுப்பிவிட்டு வந்த பெற்றோர் என்னைப் பார்த்தால் கேட்பது ஒன்றுதான். "வர்றதைவிடப் போறதுக்கு ஏன் சார் கூட நேரமாகுது? அதே தூரந்தானே?"

அதே தூரந்தான். சென்னைக்கும் லண்டன் ஹீத்ரோ விமான நிலையத்துக்கும் சுமார் 8,230 கிலோமீட்டர். இதை எந்த வழியாக அளந்தது என்று கேளுங்கள். பல வருஷம் புவியியல் சொல்லிக்கொடுத்தவன் நான். சுவரில் தொங்கும் உலகப்படத்தின் மேல் எனக்குத் தீராத மனத்தாங்கல் உண்டு. அதில் ஸ்கேல் வைத்துக் கோடு இழுத்தால் அரபிக்கடல், ஈராக், துருக்கி என்று போகும். உலக உருண்டையில் சென்னைக்கும் லண்டனுக்கும் நடுவே ஒரு நூலை இழுத்துப் பிடியுங்கள். மகாராஷ்டிரம், குஜராத், சிந்து, காஸ்பியன் கடல், உக்ரைன் என்று நூல் வடக்கே ஏறிப் போகும். அதுதான் குறுக்கு வழி.

வகுப்பில் ஒரு மாணவியிடம் சான் பிரான்சிஸ்கோவுக்கு நூல் பிடிக்கச் சொன்னேன். "அமெரிக்கா மேற்கேதானே சார்?" என்று ஐரோப்பா பக்கமாகவே கொண்டுபோனாள். நூல் போதவில்லை. பசிபிக் பக்கமாகத் திருப்பினாள், அப்போதும் போதவில்லை. நான் ஒன்றும் சொல்லவில்லை. கொஞ்சம் கொஞ்சமாக மேலே நகர்த்தி, சீனா, சைபீரியா, அலாஸ்கா என்று கொண்டுபோனதும் நூல் எட்டிவிட்டது. வகுப்பே எழுந்து வந்து உருண்டையைச் சூழ்ந்துகொண்டது. வீட்டில் உருண்டை இருந்தால் இன்றைக்கே செய்து பாருங்கள், பேரப்பிள்ளைகளையும் கூப்பிட்டுக்கொள்ளுங்கள்.

நூல் போகிற வழியில் விமானம் அப்படியே போய்விட முடியாது. உக்ரைன் வான்வெளி 2022 பிப்ரவரியிலிருந்து பயணிகள் விமானங்களுக்கு மூடிக்கிடக்கிறது, சுற்றித்தான் போகவேண்டும்.

சரி, அந்தப் பெற்றோர் கேள்விக்கு வருகிறேன். தூரம் மாறவில்லை, காற்றுதான் மாறுகிறது. ஏறக்குறைய 10 கிலோமீட்டர் உயரத்தில் மேற்கிலிருந்து கிழக்கே ஒரு காற்றோட்டம் ஓடுகிறது; ஜெட் ஸ்ட்ரீம் என்பார்கள். குளிர்காலத்தில் இன்னும் வலுக்கும். மணிக்கு 900 கிலோமீட்டர் பறக்கிற விமானத்தை 100 கிலோமீட்டர் காற்று எதிர்த்தால், தரைக்கணக்கில் 800தான் மிஞ்சும். அதே காற்று பின்னால் தள்ளினால் 1,000. வழி முழுக்க அதே வேகத்தில் காற்று வீசாது. அதனால்தான் வித்தியாசம் ஒரு மணி நேரம்போல் நின்றுவிடுகிறது. 2020 பிப்ரவரியில், புயல்காற்று பின்னாலிருந்து தள்ள, பிரிட்டிஷ் ஏர்வேஸ் விமானம் ஒன்று நியூயார்க்கிலிருந்து லண்டனுக்கு 4 மணி 56 நிமிடத்தில் வந்து சேர்ந்தது. மறுபடியும் சொல்கிறேன், தூரம் குறையவில்லை.

நேரம் முடிகிறது என்று வானொலி நிலையத்து நண்பர் கைகாட்டுகிறார். டிக்கெட்டைப் பற்றி ஒன்று மட்டும்: புறப்படும் நேரம் சென்னைக் கணக்கு, இறங்கும் நேரம் லண்டன் கணக்கு. குளிர்காலத்தில் லண்டன் நமக்கு ஐந்தரை மணி பின்னால். மார்ச் கடைசி ஞாயிறு முதல் அக்டோபர் கடைசி ஞாயிறு வரை நாலரை மணி. அதைச் சரிசெய்த பிறகே பயண நேரத்தைக் கணக்குப் போடுங்கள். வணக்கம்.