8 வெற்றி, 16 தோல்வி: பேஸ்பால்ல புதைஞ்சு போன சில சீசன்கள்

எல்லாருக்கும் வணக்கம். பேஸ்பால் பத்தி பேசப்போறேன்னு சொன்னதும் பேப் ரூத்தா, பேரி பாண்ட்ஸான்னு ரெண்டு மூணு பேர் கேட்டீங்க, அவங்கள பத்தி பேச ஆயிரம் பேர் இருக்காங்க, நான் எடுத்துக்கிட்டது வேற. ஒரு ஆள் ஒரு வருஷம் பிரமாதமா ஆடியிருப்பார், ஆனா அந்த வருஷத்து பேப்பர்காரங்க எந்த நம்பர பாத்தாங்களோ அந்த நம்பர்ல அது தெரியாம போயிருக்கும், அப்படியே புதைஞ்சு போயிருக்கும். அந்த மாதிரி சில வருஷங்கள பத்திதான் இன்னிக்கு.

முதல்ல நோலன் ரயன், பிட்சர், அதாவது பந்து போடறவர், 1987. ஹூஸ்டன் ஆஸ்ட்ரோஸ் டீம். ரயன் பேர் தெரியாதவங்க கம்மி, அவர் எப்படிங்க கண்டுக்காம விட்ட ஆளுன்னு கேப்பீங்க. ஆளு இல்லங்க, அந்த வருஷம். ரெக்கார்டு புக்குல 1987க்கு நேரா போய் பாத்தா 8 வெற்றி 16 தோல்வின்னு போட்டிருக்கும், பாக்கறவங்க சரி வயசாயிடுச்சுன்னு அடுத்த வரிக்கு போயிடுவாங்க. வயசு உண்மையிலயே ஆயிடுச்சு, அந்த ஜனவரிலதான் 40 முடிஞ்சிருந்தது. ஆனா அதே வரில இன்னும் ரெண்டு நம்பர் இருக்கு. ஈஆர்ஏ 2.76, ஸ்ட்ரைக்அவுட், அதாவது பேட்டர் மூணு நல்ல பந்த அடிக்காம விட்டோ தவறவிட்டோ அவுட்டாகறது, 270. ரெண்டுலயும் நேஷனல் லீக்ல, அதாவது மேஜர் லீக்கோட ரெண்டு பிரிவுல ஒண்ணுல, அவர்தான் முதல்.

ஈஆர்ஏன்னா ஒரு பிட்சர் 9 இன்னிங்ஸுக்கு சராசரியா எத்தன ரன் விட்டார்ங்கற கணக்கு, ஃபீல்டர் தப்பு பண்ணி வந்த ரன்னெல்லாம் கழிச்சிட்டு. கம்மியா இருந்தா நல்லது. இதுல முக்கியமா கவனிக்க வேண்டியது, 1987ங்கறது பேட்டர்களுக்கு திருவிழா மாதிரி போன வருஷம், எங்க பாத்தாலும் ஹோம் ரன், நம்ம சிக்ஸர் மாதிரி, பந்துலயே ஏதோ மாத்திட்டாங்கன்னு சந்தேகம் கெளம்பற அளவுக்கு. ஆண்ட்ரே டாசன் 49 அடிச்சார், மார்க் மக்குவயர் முதல் முழு சீசன்லயே 49 அடிச்சார். அப்படிப்பட்ட வருஷத்துல நேஷனல் லீக்ல தேவையான அளவு இன்னிங்ஸ் போட்ட பிட்சர்கள்ல 3க்கு கீழ ஈஆர்ஏ வச்சிருந்தது ஒரே ஆள், அது இந்த 40 வயசுக்காரர். முழங்கை பிரச்சனை இருந்ததால ஒரு மேட்சுக்கு இத்தன பந்துதான் போடணும்னு டீம் வரம்பு வச்சிருந்தாங்க, அதனால ஒரு மேட்ச் கூட முழுசா போட்டு முடிக்கல, போட்டது 211 இன்னிங்ஸ் சொச்சம், அதுல 270 பேர ஸ்ட்ரைக்அவுட் பண்ணியிருக்கார்னா ஒரு இன்னிங்ஸுக்கு ஒண்ணுக்கு மேலயே வருது.

அப்புறம் எப்படி 16 தோல்வி? ரூல் அப்படி. முதல்ல பந்து போட இறங்கற பிட்சருக்கு வெற்றி கணக்குல வரணும்னா குறைஞ்சது 5 இன்னிங்ஸ் போடணும், அவர் வெளிய போறப்ப டீம் முன்னால இருக்கணும், அப்புறம் கடைசி வரைக்கும் அந்த முன்னிலை போகவே கூடாது. அவர் 7 இன்னிங்ஸ் போட்டு ரெண்டே ரன் விட்டிருந்தாலும் அவரோட டீம் ஒரு ரன்தான் அடிச்சதுன்னா தோல்வி அவர் பேர்லதான் எழுதுவாங்க. கிரிக்கெட்ல ஒரு பவுலர் 5 விக்கெட் எடுத்தும் நம்ம பேட்ஸ்மேன்கள் 60 ரன்ல சுருண்டுட்டா, அந்த பவுலர் பேருக்கு நேரா தோத்தவர்னு ஸ்கோர்கார்டுல நிரந்தரமா அச்சடிச்சா எப்படி இருக்கும், அதேதான் இது. அந்த வருஷம் ஆஸ்ட்ரோஸே 76 ஜெயிச்சு 86 தோத்த டீம், ரயன் பந்து போடற நாள்ல ரன்னே எடுக்க மாட்டாங்க.

அந்த வருஷத்து சை யங் அவார்ட், அதாவது சிறந்த பிட்சருக்கான விருது, யாருக்கு போச்சு தெரியுமா? ஃபிலடெல்ஃபியாவோட ஸ்டீவ் பெட்ரோசியனுக்கு, 40 சேவ், அதாவது கடைசில வந்து டீமோட முன்னிலைய காப்பாத்தி முடிச்சு குடுக்கறது, எடுத்தாருன்னு. ஓட்டு 57, 55, 54ன்னு மூணு பேருக்கு நூல் இழைல பிரிஞ்சது, அந்த மூணு பேர்ல ரயன் இல்ல. ரெண்டாவது வந்த ரிக் சட்கிளிஃபுக்கு 18 வெற்றி, ஈஆர்ஏ 3.68. ரயனோடத விட ஒவ்வொரு 9 இன்னிங்ஸுக்கும் கிட்டத்தட்ட ஒரு ரன் கூட விட்டிருக்கார், ஆனா 18ங்கற நம்பர் ஓட்டு போட்டவங்க கண்ணுக்கு அழகா தெரிஞ்சிருக்கு. பெட்ரோசியன் மேல எனக்கு எந்த கோபமும் இல்ல, அவர் வேலைய அவர் நல்லா பண்ணார். 27 சீசன் ஆடி, 5714 ஸ்ட்ரைக்அவுட் எடுத்து, 7 நோ ஹிட்டர், அதாவது எதிரணிக்கு ஒரு ஹிட் கூட குடுக்காத மேட்ச், போட்ட ரயன் கைல கடைசி வரைக்கும் ஒரு சை யங் கூட வரலங்கறதுதான் என்னால ஜீரணிக்க முடியல, வந்திருக்க வேண்டிய வருஷம் 1987தான்னு நான் அடிச்சு சொல்வேன்.

ஓட்டு போடறவங்க உடனே மாறிடல. 1993ல கேன்சஸ் சிட்டியோட கெவின் ஏப்பியர் 2.56 ஈஆர்ஏவோட இன்னொரு பிரிவான அமெரிக்கன் லீக்ல முதல் இடம், ஆனா விருது 22 வெற்றி, 3.37 ஈஆர்ஏ வச்சிருந்த ஜாக் மக்டவலுக்கு. 2010 வரைக்கும் காத்திருக்க வேண்டியிருந்தது, அப்பதான் 101 மேட்ச் தோத்த சியாட்டில் டீம்ல இருந்து ஃபெலிக்ஸ் ஹெர்னாண்டஸ் 13 வெற்றி 12 தோல்வியோட சை யங் வாங்கினார், 2.27 ஈஆர்ஏக்காக. 2018ல ஜேக்கப் டிகிராம் 10-9, ஈஆர்ஏ 1.70, அவருக்கும் குடுத்தாங்க. ரயன் 23 வருஷம் முன்னாடியே பிறந்து தொலைச்சுட்டார்னு சொல்றதா, என்ன சொல்றது!

ரயன விட்டு நகரறதுக்கு முன்னாடி ஒரு மேட்ச். 1973 ஜூலை 15, டெட்ராய்ட். ரயன் அப்ப கலிஃபோர்னியா ஏஞ்சல்ஸ்ல, அன்னிக்கு 17 பேர ஸ்ட்ரைக்அவுட் பண்ணி நோ ஹிட்டர் போட்டுட்டிருக்கார், பேட்ல பட்டாலே பெரிய விஷயம்ங்கற நெலம. 9வது இன்னிங்ஸ்ல ரெண்டு அவுட் ஆனப்பறம் டெட்ராய்ட்டோட நார்ம் கேஷ் பேட்டுக்கு பதிலா டிரஸ்ஸிங் ரூம்ல இருந்து ஒரு மேஜைக் கால கழட்டி எடுத்துட்டு வந்து நின்னார். அம்பயர் ரான் லூசியானோ போய் பேட் எடுத்துட்டு வாங்கன்னு திருப்பி அனுப்பினார். பேட்டோட வந்து ஷார்ட்ஸ்டாப் ஃபீல்டருக்கு ஒரு கேட்ச் குடுத்துட்டு போனார், மேட்ச் முடிஞ்சது.

இந்த கேஷ இந்த மேஜைக் கால் கதைல மட்டும்தான் நெறைய பேருக்கு தெரியும். 1961ல அவர் ஆடின ஆட்டத்த பாருங்க. பேட்டிங் சராசரி, அதாவது அடிக்கற வாய்ப்புல எத்தன பங்கு ஹிட் ஆச்சுங்கற கணக்கு, .361, லீக்ல முதல். 41 ஹோம் ரன், 132 ஆர்பிஐ, அதாவது இவர் அடிச்சதால டீமுக்கு வந்த ரன். பேட் புடிச்ச 100 தடவைல 48க்கு மேல எப்படியாவது பேஸ் ஏறியிருக்கார், அதுலயும் லீக்ல முதல். எம்விபி, அதாவது லீக்கோட மதிப்புமிக்க ஆட்டக்காரர் விருது, ஓட்டுல நாலாவது இடம். ஏன்னா அது ரோஜர் மேரிஸ் 61 ஹோம் ரன் அடிச்சு பேப் ரூத்தோட ஒரு சீசன் ரெக்கார்ட உடைச்ச வருஷம், பக்கத்துலயே மிக்கி மேன்டில் 54, நாடு முழுக்க நியூயார்க்கத்தான் பாத்துட்டிருந்தது. டெட்ராய்ட் 101 மேட்ச் ஜெயிச்சும் 109 ஜெயிச்ச நியூயார்க் யாங்கீஸுக்கு பின்னாடி ரெண்டாவது.

அந்த வருஷம் பேட்டுக்குள்ள ஓட்ட போட்டு கார்க் அடைச்சு வச்சிருந்தேன்னு கேஷே பின்னாடி சொன்னார், அத நான் மறைக்கப் போறதில்ல, தப்பு தப்புதான். ஆனா கார்க் பேட்டால பந்து கூடுதல் தூரம் போகுதுன்னு சோதனை பண்ணவங்களுக்கு நிரூபணம் கெடைக்கல, பந்த பாத்து நல்லத அடிச்சு கெட்டத விட்ட கண்ணு அவரோடதுதான். அடுத்த வருஷம் .243க்கு விழுந்துட்டார்ன்னு கேலி பண்ணுவாங்க, அந்த வருஷமும் 39 ஹோம் ரன் அடிச்சார்ங்கறத சொல்ல மாட்டாங்க.

அடுத்து டேரல் எவன்ஸ், 1973, அட்லாண்டா. அந்த டீம்ல ஹாங்க் ஏரன் 39 வயசுல 40 ஹோம் ரன் அடிச்சு மொத்தம் 713ல வந்து நின்னார், ரூத்தோட மொத்த ஹோம் ரன் ரெக்கார்டான 714க்கு ஒண்ணு குறைச்சல், கேமராவெல்லாம் அவர் மேலதான், அதுல தப்பும் சொல்ல முடியாது. இன்னொரு பக்கம் டேவி ஜான்சன், முந்தின வருஷம் வெறும் 5 அடிச்சவர் இந்த வருஷம் 43 அடிச்சுட்டார், மிச்சம் மீதி பேப்பர் இடம் அவருக்கு போச்சு. எவன்ஸ் 41 அடிச்சார். மூணு பேர் ஒரே டீம்ல 40ஐ தொட்டது அதுதான் முதல் தடவை. அதுக்கு மேல எவன்ஸ் 124 வாக், அதாவது பிட்சர் தப்பா போட்ட நாலு பந்த (பால்) அடிக்காம விட்டு இலவசமா முதல் பேஸுக்கு போறது, வாங்கி லீக்ல முதல், 114 ரன், 104 ஆர்பிஐ, மூணாவது பேஸ்ல நல்ல ஃபீல்டிங் வேற. பேட்டிங் சராசரி மட்டும் .281, அவ்ளோதான் அவங்க பாத்தது. வாக்ங்கறது சும்மா நின்னு வாங்கறதுன்னு நெனச்ச காலம்ங்க அது. 95 மைல் வேகத்துல வர்ற பந்துல எது ஸ்ட்ரைக் எது பால்னு கண்ண சிமிட்டறதுக்குள்ள முடிவு பண்ணணும், அத ஒரு வருஷத்துல 124 தடவை பண்றது சும்மா நிக்கறதா?

இத விட எனக்கு நெஞ்சு வலிக்கறது ஜிம்மி வின். டாய் கேனன்னு பட்டப்பேர், ஆள் குள்ளம், அடி இடி. 1967ல சொந்த ஊர் சின்சினாட்டில அடிச்ச ஒரு பந்து மைதானத்த தாண்டி நெடுஞ்சாலைல போய் விழுந்தது. அவருக்கு வாய்ச்ச மைதானம் ஹூஸ்டன் ஆஸ்ட்ரோடோம், கூரை போட்ட பிரம்மாண்டம், நடுப்பக்கம் 400 அடிக்கு மேல, வேற ஊர்ல ஹோம் ரன்னா போற பந்து அங்க கேட்ச்சா முடியும். 1969ல அந்த மைதானத்த வச்சுக்கிட்டே 33 ஹோம் ரன், கூடவே 148 வாக், நேஷனல் லீக்ல அப்ப இருந்த ரெக்கார்டுக்கு சமம், நாலு தடவை பேட் புடிச்சா கிட்டத்தட்ட ஒரு தடவை வாக். சராசரி .269. அதனால யாரும் திரும்பிப் பாக்கல. அவரால அந்த டீம் முதல் முறையா 81 ஜெயிச்சு 81 தோத்து சமமா முடிச்சது, அதுக்கு முன்னாடி எல்லா வருஷமும் தோல்விதான் அதிகம்.

ஆஸ்ட்ரோஸ் 2005ல அவரோட 24ம் நம்பர் ஜெர்சிக்கு ஓய்வு குடுத்தாங்க, அது சந்தோஷம். ஆனா 1983ல பேஸ்பால் ஜாம்பவான்களுக்கான ஹால் ஆஃப் ஃபேம் ஓட்டுல அவர் பேர் வந்தப்ப போட்டது எத்தன பேர்னு பாத்தீங்கன்னா, ஒருத்தர் கூட இல்ல, பூஜ்யம். அந்த ஓட்டுச்சீட்ட கைல வச்சிருந்தவங்க 1969க்கு நேரா .269ங்கறத தாண்டி இன்னும் ரெண்டு கட்டம் தள்ளி கண்ண ஓட்டியிருந்தா போதும், 148 அங்கதான் இருந்தது.

நேரம் ஆயிடுச்சுன்னு சைகை காட்றாங்க. உங்களுக்கு தெரிஞ்ச சீசன் ஏதாவது விட்டுப்போயிருந்தா எழுந்து சொல்லுங்க, சண்டை போடவும் தயார்.