தீயில் பிறந்தவளுக்குச் சுடாத மண்

(பெங்களூரு அல்சூரில், கரக விழாவுக்கு முந்தைய ஞாயிற்றுக்கிழமை மாலை ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)

எல்லோருக்கும் வணக்கம். இந்த வெயிலில், அல்சூர் கடைத்தெரு நெரிசலைத் தாண்டி இவ்வளவு பேர் வந்திருக்கிறீர்கள். ரொம்ப சந்தோஷம்.

இன்று விடியற்காலை கே.ஆர். மார்க்கெட்டுக்குப் பூ வாங்கப் போயிருந்தேன். வீட்டுப் பூஜைக்கு இரண்டு முழம் மல்லிகை, அவ்வளவுதான். அளந்துகொண்டே பூக்கார அம்மா, "கரகத்துக்கு வருவீங்களா?" என்று கேட்டார். வருவேன் என்றேன். "அன்னைக்கு மொட்டா வாங்கிக்குங்க. விரிஞ்சது வேணாம். அவ தலைமேல போடுறது, ராத்திரிதான் அது விரியணும்" என்றார். "அவ" என்று மட்டும்தான் சொன்னார், பெயர் சொல்லவில்லை. பக்கத்தில் நின்ற யாரும் யாரைச் சொல்கிறீர்கள் என்று கேட்கவும் இல்லை. சித்திரைப் பௌர்ணமி நெருங்கும்போது அந்தச் சந்தையில் "அவள்" என்றால் ஒருத்திதான். அவளுடைய பெயர்களைப் பற்றித்தான் இன்று பேசப்போகிறேன்.

நம்மவர்களில் பலர் பெங்களூரு கரகத்தை மாரியம்மன் திருவிழா என்றே நினைத்திருக்கிறார்கள். தப்பில்லை, நம் ஊரில் கரகம் என்றதும் மாரிதான் நினைவுக்கு வருவாள். ஆனால் இங்கே திகளர்பேட்டையில் கரகம் புறப்படுகிற கோயிலின் பெயர் தர்மராய சுவாமி கோயில். தர்மராயர் என்றால் தருமர். உள்ளே பாண்டவர்கள் இருக்கிறார்கள், கிருஷ்ணர் இருக்கிறார். ஆனால் விழா முழுக்க திரௌபதிக்கு. விழுப்புரம், திருவண்ணாமலைப் பக்கமும் அப்படித்தான். பலகையில் தர்மராஜா கோயில் என்று எழுதியிருக்கும், ஊரில் யாரைக் கேட்டாலும் திரௌபதை அம்மன் கோயில் என்பார்கள்.

சரி, அவள் பெயர்களுக்கு வருவோம். துருபதன் மகள் என்பதால் திரௌபதி. பாஞ்சால நாட்டுக்காரி என்பதால் பாஞ்சாலி. துருபதனுக்கே யக்ஞசேனன் என்று இன்னொரு பெயர் உண்டு, அதனால் யாக்ஞசேனி. துருபதனின் தகப்பன் பிருஷதன், அதனால் பார்ஷதி. கவனித்துப் பாருங்கள். அப்பா பெயர், அப்பாவின் ஊர், அப்பாவின் மறுபெயர், தாத்தா பெயர். கணவர்கள் ஐந்து பேர் இருந்தும், அவளுடைய பெரிய பெயர்களில் ஒன்றுகூடக் கணவர் வழியில் வந்ததில்லை.

இதில் சேராத பெயர் ஒன்று இருக்கிறது. கிருஷ்ணை. கறுப்பி என்று அர்த்தம். யாக குண்டத்தருகே, வேதி என்கிற யாக மேடையிலிருந்து எழுந்து வந்தவளின் நிறத்தைப் பார்த்து வைத்த பெயர். எனக்கு அந்தப் பெயரில் ஒரு தனிப் பிரியம். துருபதன் யாகம் செய்தது துரோணரைக் கொல்ல ஒரு மகன் வேண்டும் என்று. மகன் வந்தான், கவசமும் வில்லுமாக, நெருப்பிலிருந்து. அதோடு முடிந்திருக்க வேண்டும். அப்புறம் இவள் வந்தாள், யாரும் கேட்காமலே. கேட்டு வாங்கிய பிள்ளைக்குப் பின்னால் கேட்காமல் வந்த கறுப்புப் பெண். பெண் பிறந்ததும் "நிறம் கொஞ்சம் கம்மி" என்று சொல்கிற வீடுகளில் வளர்ந்தவர்கள் இங்கே இருப்பீர்கள். அந்த நிறத்தையே முதல் பெயராகக் கொண்டவள் நம் அம்மன்.

அடுத்தது அஸ்தினாபுரத்துச் சபை. இந்தக் கதை எல்லோருக்கும் தெரியும். ஆனால் அங்கே யார் அவளை என்ன பெயர் சொல்லி அழைத்தார்கள் என்று பார்த்தால் கதை வேறு மாதிரி கேட்கும். சூதாட்டத்தில் தருமர் அவளை வைத்துத் தோற்ற பிறகு ஒரு தூதன் அந்தப்புரத்துக்குப் போகிறான். உன்னை வேலைக்கு அழைத்துப் போக வந்திருக்கிறேன் என்கிறான். அதற்கு அவன் கூப்பிடுகிற பெயர் யாக்ஞசேனி. வேள்வியின் மகளே, வா, அடிமை வேலைக்கு. அவள் போகவில்லை, ஒரு கேள்வியைக் கொடுத்து அனுப்புகிறாள்: "முதலில் தோற்றது தன்னையா, என்னையா?" தன்னையே தோற்றுவிட்டவருக்கு இன்னொருவரைப் பணயம் வைக்க உரிமை ஏது? அந்தக் கேள்விக்குச் சபையில் இருந்த பெரியவர்கள் யாரும் நேராகப் பதில் சொல்லவில்லை. தர்மம் நுட்பமானது என்றார் பீஷ்மர். கடைசியில் துச்சாதனன் போனான். "வா, வா பாஞ்சாலி, ஜெயித்துவிட்டோம் உன்னை, கிருஷ்ணை" என்றான். ஒரே மூச்சில் இரண்டு பெயர். தகப்பன் நாட்டுப் பெருமையைச் சொன்ன பெயரும், வேதியிலிருந்து எழுந்தபோது வைத்த பெயரும் அவன் வாயில் ஏலக்காரன் கூவலாகிவிட்டன.

பாரதியார் 1912-இல் 'பாஞ்சாலி சபதம்' முதல் பாகத்தை வெளியிட்டபோது பாஞ்சாலி என்ற பெயரைத்தான் நூலின் தலைப்பில் எடுத்துக்கொண்டார். துச்சாதனன் வாயிலிருந்து அந்தப் பெயரை மீட்டெடுத்ததாகவே நான் அதைப் பார்க்கிறேன்.

அவளே தனக்கு எடுத்துக்கொண்ட பெயர் என்ன என்று யாராவது யோசித்திருக்கிறீர்களா? அதற்கு விராட பர்வத்துக்குப் போக வேண்டும். மழை வேண்டி ஊரில் விராட பர்வம் படிக்க வைப்பார்களே, அதே பர்வம். ஒரு வருஷம் யாருக்கும் தெரியாமல் ஒளிந்து வாழ வேண்டும். தருமர் சூதாட்டத் துணைவர் ஆனார், பீமன் சமையல்காரன், அர்ஜுனன் ஆட்ட வாத்தியார். இவள் விராடனின் ராணி சுதேஷ்ணையின் அரண்மனைக்குப் போய் நின்றாள். நான் சைரந்திரி, அலங்கார வேலை செய்கிறவள், பெயர் மாலினி என்றாள். முன்னால் எங்கே வேலை பார்த்தாய் என்றதற்கு, சத்தியபாமையிடமும் பாண்டவர்களின் மனைவி திரௌபதியிடமும் என்றாள். தன்னிடமே தான் வேலைக்காரியாக இருந்ததாகச் சொன்னாள்! என்ன தெரியும் என்று ராணி கேட்பதற்கு முன்பே அவளாகச் சொல்கிறாள்: கூந்தல் அலங்காரம் தெரியும், சந்தனம் அரைக்கத் தெரியும். மல்லிகை, தாமரை, ஆம்பல், சண்பகம் எல்லாவற்றிலும் விதவிதமாக மாலை கட்டுவேன்.

பல வருஷம் இந்த வரியைச் சாதாரணமாகத்தான் கடந்து போயிருக்கிறேன். கரகத்தைக் கிட்டத்தில் பார்த்த பிறகுதான் அது என்னைப் பிடித்துக்கொண்டது. தன் கூந்தலை விரித்துவிட்டவள் இன்னொருத்திக்குக் கூந்தல் முடிந்து, மல்லிகை வைத்து விட்டாள், ஒரு வருஷம் முழுக்க. மாலினி என்றால் மாலை உடையவள். அவளுக்கு அன்று மாலை இல்லை, கட்டிக் கொடுக்கும் கை மட்டும் இருந்தது.

கூந்தல் பற்றிச் சொல்ல வேண்டும். என் அம்மாவின் ஊர் விழுப்புரம் பக்கம். சின்ன வயதில் பாரதத் திருவிழாவுக்கு அழைத்துப் போவார்கள். பகலில் பாரதப் பிரசங்கம், இரவில் கூத்து. கடைசி நாள் காலையில் படுகளம். திடலில் களிமண்ணால் துரியோதனனைச் செய்து படுக்க வைத்திருப்பார்கள், பல ஆள் நீளத்துக்கு, முறுக்கு மீசையோடு. பீமன் வேஷக்காரர் வந்து தொடையில் அடிப்பார். உள்ளே வைத்திருக்கும் சிவப்புத் தண்ணீர் பீறிடும். அதைத் தொட்டுத்தான் அம்மனின் கூந்தலை முடிவார்கள். அந்த நேரம் திடலில் ஒரு சத்தம் இருக்காது. என் பெரியம்மா அப்போது என்ன செய்வார் என்றால், தன் கொண்டையையும் அவிழ்த்து, அங்கேயே மறுபடி முடிந்துகொள்வார். சுற்றியிருந்த பெண்கள் பலரும் அப்படிச் செய்ததைப் பார்த்திருக்கிறேன். யாரும் சொல்லித் தந்ததில்லை. வீட்டுக்குத் திரும்பும்போது துரியோதனன் உடம்பிலிருந்து ஒரு கைப்பிடி மண்ணை முந்தானையில் முடிந்து வருவார், நெல் குதிரில் போட. அன்று மாலை தீமிதி.

அந்தப் பக்கத்தில் பெண் குழந்தைகளுக்குப் பாஞ்சாலை, துரோபதை என்று பெயர் வைப்பார்கள். என் பெரியம்மா பெயரும் அதில் ஒன்றுதான். நகரத்துக்கு வந்த பிறகு நம் வீடுகளில் அந்தப் பெயர் நின்றுபோயிற்று. கேட்டால், அந்தப் பெயர் வைத்தால் பெண் கஷ்டப்படுவாள் என்கிறார்கள். சீதை என்று வைக்கத் தயங்குவதில்லையே? சீதை பட்ட கஷ்டம் கொஞ்சமா? எனக்கு இது மனதை வருத்துகிற விஷயம், அதனால் சொல்கிறேன்.

இனி நம் பெங்களூருக்கு வருவோம். கரகத்தை நடத்துகிறவர்கள் திகளர்கள். கன்னடத்தில் திகளர் என்ற சொல்லுக்கே தமிழர் என்று பொருள் உண்டு. தலைமுறை தலைமுறையாகத் தோட்ட வேலை, காய்கறி, பூ. 1760-இல் ஹைதர் அலி லால்பாக் தோட்டத்தைத் தொடங்கியபோது அங்கே உழைத்த கைகளில் இவர்கள் கையும் உண்டு என்பார்கள். தங்களை வன்னிகுலம், நெருப்பின் வம்சம் என்று சொல்லிக்கொள்கிறவர்கள். நெருப்பிலிருந்து வந்தவளைத் தாயாகக் கொண்டது அதனால்தான்.

அவர்கள் சொல்கிற கதை பாரதத்தில் இல்லாதது. போரெல்லாம் முடிந்து பாண்டவர்கள் சொர்க்கத்துக்கு நடக்கிறார்கள். வழியில் திரௌபதி விழுந்துவிடுகிறாள், அவர்கள் திரும்பிப் பார்க்காமல் போய்விடுகிறார்கள். மயக்கம் தெளிந்து எழுந்தால் எதிரே திமிராசுரன் நிற்கிறான். அவள் ஆதிசக்தியாக மாறி வீரகுமாரர்களைத் தோற்றுவித்து அவனை அழிக்கிறாள். பிறகு அவள் புறப்படும்போது, போகாதே தாயே என்று பிள்ளைகள் அழுகிறார்கள். வருஷத்துக்கு ஒருமுறை மூன்று நாள் வருகிறேன் என்று வாக்குக் கொடுக்கிறாள். கணவர்கள் விட்டுப்போன இடத்தில் தாயாக எழுந்தாள் என்று ஒரு தோட்டக்கார சமூகம் கதையை முடித்திருக்கிறது. மகள், மனைவி, மருமகள் எல்லாமாக இருந்தவளை "அம்மா" என்று கூப்பிட மக்கள் ஒரு புதுக் கதையே கட்ட வேண்டியிருந்தது.

அவள் வருவது ஒரு மண் குடத்தில். கரகம் என்ற சொல் தொல்காப்பியத்திலேயே இருக்கிறது, அந்தணர் கையில் வைத்திருக்கும் நீர்க்கலத்துக்கு. இங்கே பௌர்ணமிக்கு முன் நடப்பதை "ஹசி கரகா" என்கிறார்கள். ஹசி என்றால் பச்சை. பச்சைக் களிமண், சூளையில் வைக்காதது. சம்பங்கி ஏரி மண். இன்று கண்டீரவா ஸ்டேடியம் இருக்கிற இடம்தான் அந்தக் காலத்துச் சம்பங்கி ஏரி. ஏரி போய்விட்டது. ஆனால் கரகத்துக்காக ஒரு சின்னக் குளத்தை மட்டும் விட்டு வைத்திருக்கிறார்கள். இத்தனை கட்டிடத்துக்கு நடுவே அந்தத் துண்டுத் தண்ணீர் பிழைத்திருப்பது அவள் பெயரால்தான்.

ஏன் சுடாத மண் என்று நான் நிறைய யோசித்திருக்கிறேன். நெருப்பிலிருந்து பிறந்தவளை மறுபடி நெருப்பில் வாட்டின பானையில் உட்காரவைக்க அவர்களுக்கு மனம் வரவில்லை என்று எனக்குத் தோன்றுகிறது. இது என் நினைப்புதான், சாஸ்திரம் இல்லை. ஊர்ப் பக்கம் அவளுக்காக நாம் தீயில் நடக்கிறோம். இங்கே அவளுக்குக் குளிர்ந்த மண்ணும் பூவும் தருகிறார்கள். இரண்டும் ஒரே அம்மனுக்குத்தான்.

பௌர்ணமி இரவு, நடுநிசி தாண்டி, கரகம் வெளியே வரும். விரதம் இருந்த ஓர் ஆண், மஞ்சள் புடவை கட்டி, வளையல் போட்டு, குங்குமம் இட்டு, தன் மனைவியின் தாலியைத் தன் கழுத்தில் அணிந்து வருவார். தலையில் கரகம். கையால் பிடிக்கக் கூடாது. ஒரு கையில் கத்தி, இன்னொரு கையில் கோல். குடம் கண்ணுக்கே தெரியாது, அதை மூடி உயரமாக எழும்பி நிற்பது முழுக்க மல்லிகை. அன்று விராடன் அரண்மனையில் மற்றவளுக்கு மல்லிகை கட்டிக் கொடுத்தவளுக்கு, பூ வளர்க்கிறவர்கள் சேர்ந்து கட்டிய மாலை அது. மாலினி என்ற பெயருக்கு அங்கேதான் அர்த்தம் வருகிறது.

இன்னொன்றைக் கவனியுங்கள். அந்த இரவில் உருவிய வாளோடு ஓடி வருகிற திகளர்கள், வீரகுமாரர்கள் என்றே அவர்களுக்குப் பெயர், அவள் பெயரைச் சொல்ல மாட்டார்கள். "கோவிந்தா, கோவிந்தா" என்றுதான் முழங்குவார்கள். நம் ஊர்த் தீமிதியிலும் அதே குரல்தான். சபையில் இரண்டு கையையும் மேலே தூக்கி அவள் கூப்பிட்ட பெயர் அது. அன்று அவள் தனியாகக் கூப்பிட்டாள். இன்று அவளைச் சுற்றி நூற்றுக்கணக்கான பிள்ளைகள் அவளோடு சேர்ந்து கூப்பிடுகிறார்கள்.

ஊர்வலம் காட்டன்பேட்டையில் தவக்கல் மஸ்தான் தர்காவுக்குள்ளும் போய்த்தான் திரும்பும். அங்கேயும் அவளை வரவேற்று மரியாதை செய்வார்கள்.

முதல்முறை வருகிறவர்கள் ராத்திரி பன்னிரண்டுக்கு முன்பே கோயில் தெருவுக்கு வந்துவிடுங்கள். பூவைச் சாயங்காலமே வாங்கி ஈரத் துணியில் சுற்றி வையுங்கள். கரகம் நம்மைக் கடப்பது சில நொடிதான், ஓட்டமாகப் போய்விடும். பூவை உதிரியாகக் கையில் வைத்திருந்தால்தான் போட முடியும். அந்தப் பூக்கார அம்மா சொன்னது ஞாபகம் இருக்கட்டும், மொட்டாக வாங்க வேண்டும்.