கரும்பு வெட்டும் கத்தி

அவையோருக்கு வணக்கம்.

மார்த்தினிக் என்பது கரீபியனில் பிரான்சின் ஆட்சிக்கு உட்பட்ட தீவு. அதன் வடகோடியில், பெலே எரிமலையின் சரிவு அட்லாண்டிக்கில் இறங்கும் இடத்தில் பாஸ்-புவான்த் என்றொரு சின்ன நகராட்சி இருக்கிறது. மக்கள் சில ஆயிரம் பேர்தான். கவிஞர் எய்மே செசேர் 1913-இல் பிறந்தது அங்கேதான். இன்று நான் பேச வந்தது அந்த ஊர்க் கரும்புத் தோட்டங்களில் கத்தி பிடித்தவர்களைப் பற்றி.

1848-இல் அடிமை முறை ஒழிந்தது. விடுதலை பெற்ற பலர் தோட்டத்தை விட்டு நடந்தார்கள். அவர்கள் இடத்துக்குக் கூலி குறைவாக ஆள் தேடினார்கள் முதலாளிகள். 1853 மே மாதம் 'ஒரேலி' கப்பல் முதல் இந்தியத் தொழிலாளர்களை இறக்கியது. அடுத்த முப்பது ஆண்டுகளில் சுமார் 25,000 பேர் வந்தார்கள். புதுச்சேரியிலும் காரைக்காலிலும் கப்பல் ஏறிய தமிழர்களே அதில் மிகுதி.

அவர்கள் பேசிய தமிழ் பேரப்பிள்ளைகளிடம் நிற்கவில்லை. சாமி மட்டும் நின்றது. பாஸ்-புவான்த்தில் கிராடிஸ் என்ற பழைய தோட்டத்தில் ஒரு கோயில் உண்டு. கிராடிஸ் என்பது பிரான்சின் போர்தோ நகரத்துக் கப்பல் வணிகக் குடும்பத்தின் பெயர். அங்கே மாரியம்மன் 'மாரியேமென்'. மதுரை வீரன் 'மால்தெவிலென்'. தப்பு மேளம் இன்னும் 'தப்பு'தான். பூசை நாளில் கரும்பு வெட்டும் கத்தியைக் கூர்ப்பக்கம் மேலாகப் பிடிக்கிறார்கள்; பூசாரி வெறுங்காலோடு அதன்மேல் ஏறி நின்று அருள்வாக்கு சொல்கிறார். பகலெல்லாம் முதுகை ஒடித்த கருவியைத் தெய்வத்தின் பாதத்துக்கு வைத்தார்களே, அதை நினைத்தால் எனக்கு இப்போதும் நெஞ்சு அடைக்கிறது.

அதே கத்திதான் 1948 செப்டம்பரிலும் வருகிறது. அதே ஊரின் லெரிட்ஸ் தோட்டத்தில் வேலைநிறுத்தம். வெள்ளைக்கார நிர்வாகி கீ த ஃபாப்ரிக் கத்தி வெட்டுக்களோடு பிணமாகக் கிடந்தார். பதினாறு தொழிலாளர்களைப் பிடித்து உள்ளே தள்ளினார்கள். யார் வெட்டியது? ஊரில் ஒருவரும் வாய் திறக்கவில்லை. மூன்று ஆண்டுகள் சிறையிலேயே போயின.

1951-இல் விசாரணை நடந்தது. தீவில் இல்லை, கடல் கடந்து போர்தோவில். ஆமாம், கிராடிஸ் குடும்பம் கப்பல் விட்ட அதே துறைமுக நகரத்தில். வழக்கறிஞர்கள் அங்கே அடிமை முறையையும் காலனி ஆட்சியையும் சேர்த்தே கூண்டில் ஏற்றினார்கள்.

பதினாறு பேருக்கும் விடுதலை.